ஹான்ஸ் பெர்கர் (1873–1941): மருந்துகளும் மூளையின் மின் அலைகளும்

மூளையின் மின் செயல்பாட்டைத் தலையின் மேற்பரப்பிலிருந்தே பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. பரிசோதனையை உருவாக்கியவர், ஜெர்மானிய மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் ஆவார். இவர் கோபர்க் நகரையொட்டிய சிற்றூரில் 1873 மே 21 அன்று பிறந்தார். இளமையில் இராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பினார். தொலைவிலிருந்த தமக்கை அன்றே அவருக்கு ஆபத்து நேர்ந்ததாக உணர்ந்து தந்தி அனுப்பச் செய்தார். எண்ணங்களுக்கு ஆதாரமான ஆற்றல் யாது என்னும் தேடலை இந்நிகழ்ச்சி அவருள் விதைத்தது. 1897இல் யெனா மனநல மருத்துவமனையில் சேர்ந்து, 1919இல் அதன் இயக்குநரானார்.

கண்டுபிடிப்பு

1924 ஜூலை 6 அன்று, 17 வயது இளைஞர் ஒருவரின் அறுவை சிகிச்சையின்போது மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். பலமுறை சரிபார்த்து 1929இல் வெளியிட்டார். கண்களை மூடி ஓய்ந்திருக்கையில் நொடிக்குச் சுமார் 10 முறை எழும் அலைக்கு ஆல்பா என்றும், அதனினும் விரைவான அலைக்குப் பீட்டா என்றும் பெயரிட்டார். பலர் ஐயுற்றனர். 1934இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எட்ரியனும் மேத்யூசும் உறுதிப்படுத்திய பின்னரே உலகம் ஏற்றது.

மருந்துகளின் விளைவு

குளோரோஃபார்ம், பார்பிட்டுரேட், ஸ்கோபோலமைன், கோகைன் ஆகியவற்றின் விளைவையும் பெர்கர் பதிவு செய்தார். விழிப்புநிலையும் நடத்தையும் மாறும்போது மின் அலைகளும் மாறுவதை இத்தகைய ஆய்வுகள் புலப்படுத்தின. நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களின் செயலை மருந்துகள் கூட்டுவதோ குறைப்பதோ இதற்குக் காரணமாகும். சான்றாக, பார்பிட்டுரேட், பென்சோடயசிபைன் வகை மருந்துகள் காபா என்னும் வேதிப்பொருளின் தடுப்பாற்றலை வலுப்படுத்துகின்றன. அதனால் தூக்கமும் தளர்ச்சியும் உண்டாகின்றன. வரைபடத்தில் பீட்டா அலைகள் மிகுகின்றன.

இறுதிக் காலம்

நாஜி ஆட்சியில் கட்டாயக் கருத்தடை வழக்குகளை விசாரித்த நீதிமன்றத்தில் பெர்கர் பங்கேற்றது அவர் வாழ்வின் கறையாகும். 1938இல் ஓய்வு பெற்றார். கடும் மனச்சோர்வுக்கு உள்ளாகி, 1941 ஜூன் 1 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மனச்சோர்வு சிகிச்சைக்குரிய நோய். உதவி தேவைப்படுவோர் 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம்.

நினைவிற்கொள்க

ஈ.ஈ.ஜி. பரிசோதனைக்கு முன், உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மதுப் பழக்கத்தையும் மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். மருந்தின் விளைவு நோயின் அறிகுறியாகத் தவறாகக் கருதப்படுவதை இது தவிர்க்கும். வலிப்பு மருந்தையோ தூக்க மருந்தையோ தாமாக நிறுத்தலாகாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு ஏற்படக்கூடும்.