சோகை தீர்த்த லூசி வில்ஸ் அம்மையார்

வாரத்தில் ஒருநாள் நண்பகல் உணவு முடிந்ததும் நம் கையில் நீல நிற மாத்திரை ஒன்று தரப்படுகிறது. ஆசிரியை பார்த்திருக்க அதை வாயிலிட்டு, அவர் அடுத்த வரிசைக்கு நகர்ந்ததும் குழாயடிக்கு ஓடி உமிழ்ந்துவிடும் தோழியர் நம்மிடையே உண்டு. இதை எழுதும் எங்களுள்ளும் இருந்தனர், மறைப்பானேன்? குமட்டுகிறது, நாக்கில் துருவாடை அடிக்கிறது என்று காரணம் சொன்னோம். அந்த மாத்திரையில் முக்கியமானவை இரண்டே பொருள்கள்: இரும்புச் சத்து 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் அரை மில்லிகிராம். இரும்பை எல்லோரும் அறிவர். மற்றொன்றின் கதையைத் தேடப் போனபோது, அது நீலகிரி மலை வழியாகவும், நம் கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்ரயிலேறிப் போய் வரும் தொலைவிலுள்ள ஒரு மருத்துவமனை வழியாகவும் வந்தது என்று அறிந்து வியந்தோம். அக்கதையைத் தொடங்கி வைத்தவர் ஓர் ஆங்கிலப் பெண்மணி. பெயர் லூசி வில்ஸ்.

1888ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரை அடுத்த சட்டன் கோல்ட்ஃபீல்ட் என்னும் ஊரில் அவர் பிறந்தார். குடும்பத்தாருக்கு அரிவாள் முதலிய கருவிகள் செய்யும் தொழிற்சாலை இருந்தது. தந்தையார் அறிவியல் பயின்றவர்; தாய்வழிப் பாட்டனார் மருத்துவர். லூசி செல்ட்டனம் மகளிர் கல்லூரியில் படித்தார். கல்லூரி என்று பெயரே தவிர, அது நம்முடையதைப் போன்ற பெண்கள் பள்ளிதான். பின்னர் கேம்பிரிட்ஜில் நியூனம் கல்லூரியில் சேர்ந்து தாவரவியலும் நிலவியலும் கற்று, 1911இல் தேர்வுகளை முடித்தார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. தேறாததால் அன்று, பெண்ணாகப் பிறந்ததால். ஆண்களோடு அமர்ந்து அதே தேர்வை எழுதலாம், தேறலாம். பட்டம் மட்டும் கேட்கக் கூடாது என்பது அந்நாளைய கேம்பிரிட்ஜ் விதி. 1948 வரையில் அங்கே இந்த நிலைதான்.

அதே 1911இல் தந்தையை இழந்தார். 1913இல் அக்காள் ஈடித் இருபத்தாறு வயதில் இறந்தார். அவ்வாண்டு தாயாருடன் இலங்கைக்குப் பயணம் செய்தார். மறு ஆண்டு தம்பியுடன் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கிருக்கையில் முதல் உலகப் போர் மூண்டது. கேப் டவுன் மருத்துவமனையொன்றில் சில வாரங்கள் தொண்டுச் செவிலியாகப் பணிபுரிந்தார். திரும்பியவுடன், 1915 ஜனவரியில், இலண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியில் மாணவியானார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. 1920இல் மருத்துவராகத் தேறியபோது முப்பத்திரண்டு. நம் வீடுகளில் இந்த வயதுக் கணக்கைச் சொன்னால் என்ன பேச்சு எழும் என்பதை வாசகியர் அறிவர்! அவர் தனியே மருத்துவத் தொழில் நடத்தாமல், இராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஆராய்ச்சியும் போதனையும் மேற்கொண்டார். கருவுற்ற தாய்மாரின் உடலில் நிகழும் மாறுதல்களே அவருடைய ஆய்வுப் பொருள்.

இனி அவர் செய்ததை விளங்கிக்கொள்ள, இரத்தத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதைக் குழாயிலிட்டு, உறையாமல் பார்த்துக்கொண்டு, சற்று நேரம் நிறுத்தி வைத்தால், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீரும் கீழே சிவப்பாகக் கனத்த படிவும் பிரியும். மேலே நிற்பது பிளாஸ்மா. பாதிக்கும் சற்று அதிகம். உண்ட உணவின் சத்து, உப்புகள், கழிவுகள், இரத்தம் உறையத் துணைபுரியும் புரதங்கள் எல்லாம் அதில் கரைந்தே பயணம் செய்கின்றன. கீழே படிவன அணுக்கள். அவற்றுள் வெள்ளையணுக்கள் கிருமிகளை எதிர்த்து நிற்பவை. ஒரு கன மில்லி மீட்டரில் நாலாயிரம் முதல் பதினோராயிரம் வரை இருக்கும். தட்டணுக்கள் காயத்தின் வாயை அடைப்பவை. ஒன்றரை இலட்சத்துக்குக் குறைந்தால் கவலை. டெங்குக் காய்ச்சல் பரவும் மழைக்காலங்களில் வீட்டுக்கு வீடு பேசப்படும் எண்ணிக்கை இதுதான். இவற்றையெல்லாம் விடப் பெரும்படை சிவப்பணுக்கள். அதே சிறு அளவில் நாற்பத்தைந்து இலட்சம்! ஒவ்வொன்றும் நடுவில் அமுக்கிய சிறு வட்டு. உள்ளே இரும்பைக் கொண்ட ஹீமோகுளோபின். நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றி உடலெங்கும் இறக்குவது அதன் வேலை.

சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள்தான் வாழும். ஆகவே எலும்பின் உட்சோறாகிய மச்சையில் விநாடிக்கு இருபது இலட்சத்துக்கும் மேல் புதியவை பிறந்துகொண்டே இருக்கின்றன. நம் பகுதியின் சிப்காட் ஆலைகளில் மூன்று ஷிப்டு ஓடுவதைப் பெரிதாகப் பேசுகிறோம். இந்த ஆலைக்கு விடுமுறையே கிடையாது. இரும்பு குறைந்தால் அணுக்கள் சிறுத்து வெளிறிப் பிறக்கும். அது ஒருவகைச் சோகை. வேறொரு வகையும் உண்டு. அதில் அணுக்கள் எண்ணிக்கையில் குறைவு; ஆனால் அளவிலோ பெரியவை. பார்வைக்குக் கொழுத்திருந்தாலும் முற்றாத காய்களைப் போன்றவை. 1926இல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்னும் இரு மருத்துவர்கள் நிறைய ஈரலை உண்ணக் கொடுத்து, இத்தகைய கொடிய சோகை ஒன்றைத் தணித்துக் காட்டினர். உலகமே பாராட்டியது.

இந்தியாவிலோ, கருவுற்ற ஏழைத் தாய்மார் பலர் இப்படிப் பெரிய அணுக்களோடு கூடிய சோகையால் இறந்துகொண்டிருந்தனர். காரணம் புலப்படவில்லை. தாய்மார் மரணத்தைப் பற்றிய விசாரணையில் ஈடுபட்டிருந்த டாக்டர் மார்கரெட் பால்ஃபோர் அம்மையார் அழைக்கவே, 1928இல் லூசி வில்ஸ் பம்பாய் வந்து ஹாஃப்கின் நிலையத்தில் பணியைத் தொடங்கினார். துணியாலைகளில் வேலை செய்த பெண்கள் நோயாளிகளுள் மிகுதி.

முதலில் அவர் கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு அவர் கவனித்தது, எங்கள் கருத்தில், மிகப் பெரிய செயல். இந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். வசதியுள்ளோர், இல்லாதோர், இன்ன வகுப்பார் என்று பிரித்து உணவுக் கணக்கு எடுத்தார். காய்கறியும் பழமும் எந்த வீட்டில் அருகிக் காணப்பட்டனவோ அந்த வீட்டுத் தாய்மாருக்கே நோய் அதிகம் வந்தது. ஏழை முஸ்லிம் பெண்களின் உணவு எல்லாவற்றிலும் குறையுடையதாக இருந்தது. அவர்களே அதிகம் துன்புற்றனர். சமையலறையை எட்டிப் பார்ப்பது மருத்துவரின் வேலையா என்று அக்காலத்தில் சிலர் எண்ணியிருக்கக் கூடும்.

1929ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் தங்கினார். உணவுச் சத்து ஆராய்ச்சியில் பெயர்பெற்ற சர் ராபர்ட் மக்காரிசன் அங்கே இருந்தார். பம்பாய் ஏழைப் பெண்களின் உணவையே எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார் லூசி. சினையுற்ற எலிகள் சோகை பிடித்து, குட்டி ஈனும் முன்பே மடிந்தன. உணவில் ஈஸ்ட் சேர்த்தால் பிழைத்தன. விடை கிடைத்துவிட்டது என்று துள்ளத் தோன்றும். ஆனால் எலிகளின் பேன்கள் வழியே பரவும் ஒரு தொற்றும் இரத்தத்தைக் கெடுக்கிறது என்பது பின்னர் தெரியவந்து, சோதனை ஐயத்துக்கிடமானது. அவர் சோர்ந்துவிடவில்லை, ரீசஸ் குரங்குகளைக் கொண்டு மறுபடி முதலிலிருந்து செய்தார். முடிவு உறுதிப்பட்டது.

1931இன் தொடக்கத்தில் அவர் சென்னை வந்தார். திருவல்லிக்கேணியில், கடற்கரையை அடுத்து, கோஷா ஆஸ்பத்திரி என்று இன்றும் மக்கள் சொல்லும் மருத்துவமனையில் பணிபுரிந்தார். அரசு ஏட்டில் இப்போது அதற்குக் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பெயர். நம் மாணவியருள் சிலர் பிறந்ததே அங்கேதான். இக்கட்டுரைக்காகக் கேட்டபோது எங்களுள் இருவரின் தாய்மார் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டனர். ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள முடியாத பெண்களுக்கென்று 1885இல் இதை நிறுவியவர் மேரி ஷார்லீப் அம்மையார். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற முதல் பெண்களுள் ஒருவர்; பின்னாளில் லூசி படித்த அதே இலண்டன் பள்ளியில் போதித்தவர். சென்னையில் கற்றவர் இலண்டனில் கற்பித்தார். இலண்டனில் கற்றவர் சென்னைக்கு வந்தார்.

இனி மருந்துக்கு வருவோம். பீர் வடிக்கும் ஆலைகளில் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுத்த கறுத்த பசை ஒன்று இங்கிலாந்தில் விற்கப்பட்டது; மார்மைட் என்று பெயர். ரொட்டியில் தடவிக்கொள்வார்கள். உவர்ப்பும் கசப்புமான அதன் சுவை பழகாதவருக்குப் பிடிக்காது. ஈரலைவிட மிகவும் மலிவானது. அதைச் சோகை கண்ட தாய்மாருக்குக் கொடுத்தார். சில நாட்களில் இரத்தத்தில் இளஞ்சிவப்பணுக்கள் திரளாகத் தோன்றின. வெளிறிய முகங்களில் தெளிவு வந்தது. 1931இல் இம்முடிவுகளை வெளியிட்டார். வேறொன்றையும் கண்டறிந்தார். சுத்திகரித்த ஈரல் சத்து, அமெரிக்கர்கள் கண்ட சோகையைத் தீர்த்தது. இந்தத் தாய்மாரின் சோகையைத் தீர்க்கவில்லை. சுத்திகரிக்காத ஈரல் சத்து தீர்த்தது. ஆகவே மார்மைட்டிலும் பச்சை ஈரலிலும் இருப்பது புதியதொரு பொருள் என்று தெளிந்தார். அது இன்னதென்று பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. உலகம் அதை வில்ஸ் காரணி என்று அழைத்தது. 1934–35இல் இலங்கையில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவியபோது, மெலிந்த மக்களுக்கு மார்மைட்டை உருண்டையாக்கிக் கொடுத்துத் தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்றனர் என்பதையும் இங்கே சொல்லலாம்.

1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டன் கணக்கில் கீரையை அரைத்து அப்பொருளைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். அணு இரண்டாகப் பிரியுமுன் தன் உட்கருவிலுள்ள மரபுப் பொருளைப் படியெடுக்க வேண்டும். அதற்கு இது தேவை. இல்லாவிட்டால் அணு பெருக்குமே தவிரப் பிரியாது. முற்றாத காய்களின் இரகசியம் இதுவே. 1945இல் அதைச் செயற்கையாக உருவாக்கிய குழுவின் தலைவர் யாரென்று நினைக்கிறீர்கள்? பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்து, அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தை நடத்திய எல்லாப்பிரகத சுப்பாராவ்! அவருடைய சகோதரர் இருவர் ஸ்ப்ரூ என்னும் வயிற்று நோயால் இறந்தவர்கள். அந்த நோயின் சோகைக்கும் இந்த அமிலமே மருந்து. கோஷா ஆஸ்பத்திரிக்கும் அவர் படித்த பள்ளிக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் லூசி அங்கு வந்தபோது அவர் கடல் கடந்து எட்டாண்டுகள் ஆகியிருந்தன.

லூசி வில்ஸ் 1933இல் இலண்டன் திரும்பினார். 1937இன் இறுதியில் கடல் விமானமேறி மீண்டும் ஒருமுறை பம்பாய் வந்து பத்து வாரங்கள் ஆய்வு செய்தார். இரண்டாம் உலகப் போரில் 1944 ஜூலையில் அவர் பணிபுரிந்த மருத்துவமனை மீது பறக்கும் குண்டு விழுந்தது; அதன் பிறகும் பணி தொடர்ந்தது. இராயல் ஃப்ரீயில் இரத்தவியலுக்கென முதல் துறையை அமைத்தவர் அவரே. 1947இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று சோகையைத் தேடிச் சென்றார். செல்சீ நகராட்சி உறுப்பினராகவும் இருந்தார். மணம் புரிந்துகொள்ளவில்லை. சைக்கிளில் வேலைக்குச் செல்வார்; மலையேறுவதில் பெருவிருப்பம். 1964 ஏப்ரல் 16இல் மறைந்தார்.

கருவுறும் முன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டுப் பிறவிக் குறைகள் பெருமளவு குறைகின்றன என்று 1991இல் வெளியான ஆய்வு நிறுவியது. அவர் அதைக் காண இருக்கவில்லை.

முருங்கைக்கீரையிலும் அரைக்கீரையிலும் பச்சைப்பயறிலும் நிலக்கடலையிலும் இந்தச் சத்து உண்டு. கீரையை நெடுநேரம் கொதிக்கவிட்டு வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும் என்று எங்கள் உயிரியல் ஆசிரியை சொன்னார். அம்மாவிடம் சொன்னோம். காலை ஏழு மணி ஷிப்டுக்கு ஓடுகிறவளுக்குக் கீரை ஆயவே நேரமில்லை என்றார் ஒரு தோழியின் அம்மா. அவர் சொல்வதும் உண்மைதான். அடுத்த வாரம் எங்களுள் நால்வர் முறை வைத்துக் கீரை ஆய்ந்து கொடுத்தோம். மாத்திரையை இப்போது சாப்பாட்டுக்குப் பின் இரண்டு வாய்த் தண்ணீரோடு விழுங்குகிறோம். குமட்டல் அவ்வளவாக இல்லை.