மடங்கிய விரல்கள்... திறந்த கண்கள்! - தாத்தா பாட்டிகளுக்காக 58 வயதில் ஆஸ்பத்திரி தொடங்கிய மதுரை டாக்டர் வி

உங்க வீட்டுப் பாட்டி சமீபமா சீரியல் பார்க்கிறதை நிறுத்திட்டாங்களா? டம்ளர்ல தண்ணி ஊத்தும்போது வெளியே சிந்துதா? ராத்திரி பாத்ரூம் போறப்போ சுவரைத் தடவித் தடவிப் போறாங்களா? கேட்டா, வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்னு அவங்களே சொல்லிடுவாங்க. நாமளும் தலையாட்டிட்டு போனைப் பார்க்கப் போயிடுவோம்.

அந்த 'வயசாயிடுச்சு' என்ற ஒற்றை வார்த்தையை ஏத்துக்கவே மறுத்த ஒரு மனுஷர் மதுரையில் இருந்தார். கோவிந்தப்ப வெங்கடசாமி. ஊருக்கும் உலகத்துக்கும் 'டாக்டர் வி'. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். 2018 அக்டோபர் 1-ம் தேதி, அவருடைய நூறாவது பிறந்தநாளுக்கு கூகுள் டூடுல் போட்டது. அன்னிக்கு உங்க போன்லயும் அவர் வந்துட்டுப் போயிருக்கலாம்.

கரிசல் மண்ணில் ஒரு சிறுவன்

1918-ல் எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரம் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் பேப்பர், பென்சில் எல்லாம் கிடையாது. மணலைப் பரப்பி அதுல விரலால் எழுதிப் படிச்ச தலைமுறை அது.

அவருக்குப் பத்து வயசு இருக்கும்போது, சொந்தக்காரப் பெண்கள் மூணு பேர் பிரசவச் சிக்கலில் அடுத்தடுத்து இறந்துபோனாங்க. ஊர்ல டாக்டர் இல்லை. பிரசவம் பார்க்கிற டாக்டர் ஆகணும்னு அப்பவே முடிவு பண்ணினார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல், அப்புறம் சென்னை ஸ்டான்லியில் மருத்துவம். 1944-ல் டாக்டராகி, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

எல்லாம் சரியாப் போயிட்டிருந்தப்போதான் முடக்குவாதம் வந்தது. ஒரு வருஷத்துக்கும் மேல படுத்த படுக்கை. கை, கால் மூட்டெல்லாம் வீங்கி, விரல்கள் கோணலா மடங்கிப்போச்சு. பேனாகூடப் பிடிக்க முடியாத நிலை. ராணுவ வேலை போனது. பிரசவ டாக்டர் கனவும் போனது.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அவர் கண் மருத்துவம் படிக்கப் போனார். உடம்பிலேயே நுணுக்கமான இடத்தில், மடங்கின விரல்களோட கத்தி பிடிக்கிற வேலை! தன் கைக்குத் தோதா கருவிகளை வடிவமைச்சுக்கிட்டு, மணிக்கணக்கா பழகினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்களைச் செய்தவை அந்த விரல்கள்தான்.

சோடாபுட்டி காலம்

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவர் ஆனார். அடுத்த 20 வருஷம் அங்கேதான். மதுரையைச் சுத்தியுள்ள கிராமங்களுக்கு முகாம் போனப்போ அவர் பார்த்தது என்னன்னா, பார்வை போன பெரியவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் பிரச்னை கண்புரை. ஆபரேஷன் செய்தால் சரியாகிற ஒண்ணு. ஆனா அதுக்காக வயக்காட்டு வேலையை விட்டு, திண்ணையில் ஒரு மூலையில உட்கார்ந்து, அடுத்தவங்க சோறு போட்டால்தான் சாப்பாடுன்னு வாழ்ந்துட்டிருந்தாங்க. வீட்டுக்குப் பாரமாகிட்டோமேன்னு உள்ளுக்குள்ள வேற வேதனை.

அந்தக் காலத்து ஆபரேஷனும் லேசுப்பட்டது இல்லை. முடிஞ்ச பிறகு தலையின் ரெண்டு பக்கமும் மணல் மூட்டை வெச்சு, நாள்கணக்கில் அசையாம படுக்க வைப்பாங்க. புரையோட சேர்த்து லென்ஸையே எடுத்துடுறதால, அப்புறம் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டாகணும். அந்தக் கண்ணாடி உடைஞ்சா, மறுபடியும் இருட்டுதான்.

ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு ஸ்டார்ட்அப்

1973-ல் பத்மஸ்ரீ. 1976-ல் 58 வயசுல ரிட்டயர்மென்ட். கல்யாணம் பண்ணிக்கலை. அப்பா இறந்த பிறகு தம்பி, தங்கைகளைப் படிக்கவெச்சு ஆளாக்கினவர். இனி ஓய்வா இருக்கலாம்தானே?

அவர் ஆரம்பிச்சதே அப்பதான். ஒரு வீட்டில் 11 படுக்கைகளோட ஒரு சின்ன நர்சிங் ஹோம். 6 படுக்கை இலவசம், 5 படுக்கை கட்டணம். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் என்று குடும்பமே இறங்கியது. வீட்டை அடமானம் வெச்சாங்க, நகைகளை அடகு வெச்சாங்க. காசு கொடுக்க முடிஞ்சவங்க கொடுக்கிற பணத்தில், முடியாதவங்களுக்கும் வைத்தியம். இதுதான் கணக்கு.

கட்டணம் கட்டுறவங்களுக்குத் தனி அறை கிடைக்கும். இலவசமா வர்றவங்களுக்குப் பெரிய ஹாலில் பாய். ஆனா ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் ரெண்டு பக்கமும் மாறி மாறிப் போவாங்க. காசில்லாத தாத்தாவுக்கு அரைகுறை வைத்தியம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வேகமும் வேணும், பாதுகாப்பும் வேணும்

மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து அசந்துபோனவர் டாக்டர் வி. எந்த ஊருக்குப் போனாலும் ஒரே தரம், ஒரே முறை. பர்கரில் முடிகிறது கண் ஆபரேஷனில் ஏன் முடியாது? ஒரு டாக்டருக்கு ரெண்டு ஆபரேஷன் டேபிள். ஒண்ணுல வேலை முடியும்போது, அடுத்ததுல நோயாளி தயாரா இருப்பார். தயார்படுத்துறது நர்ஸ்கள். பிளஸ் டூ முடிச்ச கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து ரெண்டு வருஷம் பயிற்சி கொடுத்தாங்க.

இப்படி ஃபேக்டரி மாதிரி வேகமா செய்தா ஆபத்து இல்லையா? நியாயமான கேள்வி. வயசானவங்க கண்ணுக்குள்ள கிருமி போனா, பார்வையே போயிடும். அதுக்குப் பதிலா அவங்க நம்பினது நோட்டும் கணக்கும். எத்தனை ஆபரேஷன், எதுல சிக்கல், யார் செய்தது, ஏன் வந்தது? மறைக்காம எழுதி, உட்கார்ந்து பேசித் திருத்திக்கிட்டாங்க. பள்ளிக்கூடங்களில் நடந்த ஆபரேஷன்களையும் நிறுத்தினாங்க. முகாமில் பரிசோதனை மட்டும். ஆபரேஷன்னா பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்து, சாப்பாடு போட்டு, ஊர்லயே கொண்டுபோய் விடுறது. பின்னாடி பிரிட்டனின் தேசிய அளவிலான கணக்கோட ஒப்பிட்டுப் பார்த்தப்போ, இங்கே சிக்கல்கள் குறைவாவே இருந்தது.

அப்படியும் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. 1990-களில் கிராமங்களில் நடத்திய ஆய்வில், கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் சுமார் 7 சதவிகிதம் பேர்தான் முகாமுக்கே வந்தாங்கன்னு தெரிஞ்சது. மத்தவங்க ஏன் வரலை? பயம். பஸ் செலவு. கூட வர ஆள் இல்லை. இலவசம்னு போர்டு வெச்சா மட்டும் ஒரு தாத்தா வீட்டை விட்டு வந்துட மாட்டார். அதனாலதான் கிராமங்களிலேயே சின்ன சின்ன பார்வை மையங்கள் திறக்கிற யோசனை வந்தது.

லென்ஸ் விஷயமும் அப்படித்தான். கண்ணுக்குள்ள வைக்கிற செயற்கை லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது, ஒண்ணு 100 டாலர் அளவில். ஏழைக்கு சோடாபுட்டி, பணக்காரருக்கு லென்ஸ் என்பதை அவரால் ஜீரணிக்க முடியலை. 1992-ல் மதுரையிலேயே 'ஆரோலேப்' தொடங்கினாங்க. விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. இன்னிக்கு அந்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகுது.

2006 ஜூலை 7-ம் தேதி, 87 வயதில் மதுரையில் காலமானார் டாக்டர் வி.

சரி, நமக்கு என்ன?

பார்வை மங்கினா டிவி தெரியாது என்பதோட போகாது. வழுக்கி விழுவாங்க. இடுப்பெலும்பு முறியும். அதுக்கப்புறம் படுக்கைதான். 70 வயதைத் தாண்டிய பெண்களிடம் பிரிட்டனில் நடத்தி, 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், முதல் கண்ணில் புரை ஆபரேஷன் செய்தவங்க கீழே விழுவது மூணில் ஒரு பங்கு குறைஞ்சிருந்தது. பாட்டியின் கண்ணைக் காட்டுறது பாட்டியின் இடுப்பையும் காப்பாத்துற வேலை.

நீங்க சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருந்துக்கிட்டு, ஊர்ல இருக்கிற பெரியவங்களுக்காக ஆஸ்பத்திரியோ முதியோர் இல்லமோ தேடுறீங்கன்னா, டாக்டர் வி-யின் வாழ்க்கையிலிருந்து சில கேள்விகளை எடுத்துக்கோங்க. ராத்திரியில் பார்த்துக்க யார் இருக்காங்க? அவங்க பயிற்சி எடுத்தவங்களா? யாராவது கீழே விழுந்தா, மருந்து மாறிப்போனா, அதை எழுதி வைக்கிறாங்களா? குடும்பத்துக்குச் சொல்றாங்களா? கம்மியான கட்டணம் கட்டுறவங்களுக்கும் அதே மருந்து, அதே கவனிப்புதானா? இங்கே எந்தத் தப்பும் நடந்ததே இல்லைன்னு சொல்ற இடத்தைவிட, நடந்ததை நோட்டில் காட்டுற இடத்தை நம்பலாம். வரவேற்பறை சோபாவைப் பார்த்து மட்டும் முடிவெடுத்துடாதீங்க.

கண்புரையைக் கரைக்கிற சொட்டு மருந்து எதுவும் இதுவரை நிரூபிக்கப்படலை. வாட்ஸ்அப்பில் வர்றதை நம்பி நாளைக் கடத்தாதீங்க. இந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டிக்கு வீடியோ கால் போட்டு, உங்க முகம் தெளிவா தெரியுதான்னு கேளுங்க. மங்கலா தெரியுதுன்னு சொன்னா, அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ கையைப் பிடிச்சு கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. கூட வர ஆள் இல்லைன்னுதானே அன்னிக்கு அத்தனை பேர் வராமலே இருந்துட்டாங்க!