நாய்களுக்கு வீடு தந்த மேரி டீல்பி

ஆதரவில்லாத நாயையோ பூனையையோ காப்பகத்திலிருந்து தத்தெடுத்து வந்து வளர்ப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட காப்பகம் ஒன்றை 160 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியவர் மேரி டீல்பி என்ற பெண்மணி.

மேரி 1801-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். அவருடைய கணவர் மர வியாபாரி. கணவரைப் பிரிந்த மேரி, லண்டனின் இஸ்லிங்டன் பகுதிக்கு வந்து, பாதிரியாரான தன் சகோதரர் எட்வர்டுடன் வசித்தார். அவர் பெரிய செல்வந்தரும் அல்ல. பதவியில் இருந்தவரும் அல்ல.

அந்நாளில் லண்டன் தெருக்களில் ஏராளமான நாய்கள் அலைந்தன. வழி தவறியவை சில, விரட்டப்பட்டவை சில. பசியால் சுருண்டு விழுந்து இறந்தவை பல.

1860-ம் ஆண்டு மேரி, தன் தோழி சாரா மேஜரின் வீட்டுக்குப் போனார். அங்கே சமையலறையில் எலும்பும் தோலுமாக ஒரு நாய் கிடந்தது. தெருவில் கிடந்ததைத் தோழி தூக்கி வந்திருந்தார். இருவரும் அதற்கு உணவு ஊட்டிக் காப்பாற்றப் பார்த்தார்கள். ஆனால் அது பிழைக்கவில்லை.

மேரிக்கு மனசு ஆறவில்லை. ஒரு நாய் போய்விட்டது. தெருவில் இன்னும் எத்தனையோ நாய்கள் இருக்கின்றனவே! அவற்றுக்கு ஓர் இடம் வேண்டும் என்று முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 58. நண்பர்களிடம் நன்கொடை கேட்டார். ஹாலோவே என்ற இடத்தில் பழைய குதிரை லாயம் ஒன்று கிடைத்தது. 1860-ம் ஆண்டு அக்டோபர் மாதம், தொலைந்துபோன, பசித்த நாய்களுக்கான தற்காலிக இல்லம் அங்கே திறக்கப்பட்டது.

ஊரார் பாராட்டினார்களா? இல்லை, சிரித்தார்கள்! புகழ்பெற்ற டைம்ஸ் நாளிதழே கேலி செய்தது. மனிதர்களே வீடில்லாமல் இருக்கும்போது நாய்க்கு வீடா என்று பலரும் கேட்டார்கள். போதாக்குறைக்குப் பணத்தட்டுப்பாடு வேறு. நாய்கள் குரைக்கும் சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தாரின் புகார் வேறு. மேரி கலங்கவில்லை. மனிதருக்கு இரங்கும் நெஞ்சம் வாயில்லா ஜீவனுக்கும் இரங்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

மெல்ல மெல்லக் காற்று திசை மாறியது. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழ், 1862-ல் இந்த இல்லத்தைப் பாராட்டிக் கட்டுரை வெளியிட்டது. போட்டியில் பரிசு பெறும் உயர்சாதி நாய்களையும், இந்த இல்லத்தின் ஏழை நாய்களையும் ஒப்பிட்டது அந்தக் கட்டுரை. படித்தவர்களின் மனம் இளகியது.

ஆனால் மேரியின் உடல்நலம் குன்றியது. புற்றுநோயால் 1865-ல் அவர் காலமானார். தன் இல்லம் எவ்வளவு பெரிதாக வளரப்போகிறது என்பதை அவர் பார்க்கவேயில்லை.

1871-ல் இல்லம் லண்டனின் பாட்டர்சீ பகுதிக்கு மாறியது. 1883 முதல் பூனைகளுக்கும் இடம் கிடைத்தது. 1885-ல் விக்டோரியா மகாராணியே அதன் புரவலரானார். இதுவரை 30 லட்சத்துக்கும் அதிகமான நாய்களும் பூனைகளும் அங்கே அடைக்கலம் பெற்றுள்ளன. தெருவில் திரிந்த லாரி என்ற பூனை, 2011-ல் இந்த இல்லத்திலிருந்துதான் பிரிட்டன் பிரதமரின் வீட்டுக்குப் போனது. எதற்குத் தெரியுமா? எலி பிடிக்க! 2024-க்குள் 6 பிரதமர்களைப் பார்த்துவிட்டது லாரி.

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தால் நாய்க்குட்டியைப் பரிசாகக் கொடுப்பவர்கள் உண்டு. கொண்டாட்டம் முடிந்ததும் சிலருக்கு அது பாரமாகிவிடும். பாவம், குட்டி தெருவுக்கு வந்துவிடும்! அதனால்தான், நாய் என்பது பண்டிகைப் பொம்மை அல்ல, வாழ்நாள் முழுவதற்குமான உறவு என்று 1978-ல் அங்கே ஒரு விலங்கு நலச் சங்கம் பிரசாரம் செய்தது. பாட்டர்சீ இல்லத்திலும் கேட்டவுடன் நாயைக் கொடுத்துவிட மாட்டார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ள நேரம் இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்து, அந்த வீட்டுக்குப் பொருத்தமான பிராணியாகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

குழந்தைகளே! விடுமுறையில் நாய்க்குட்டி கேட்டு அம்மா, அப்பாவிடம் அடம் பிடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். பள்ளி திறந்த பிறகு அதற்குச் சோறு வைப்பது யார்? தடுப்பூசி போட அழைத்துப் போவது யார்? நீங்கள் ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்வது யார்? வீட்டில் எல்லோரும் சேர்ந்து பேசுங்கள். பதில் கிடைத்துவிட்டால், பெரியவர்களுடன் காப்பகத்துக்குப் போங்கள். அங்கே ஏதோ ஒரு ஜீவன் வாலை ஆட்டிக்கொண்டு உங்களுக்காகக் காத்திருக்கும்.

அதை அழைத்து வந்து கடைசிவரை கைவிடாமல் வளர்ப்பதுதான், மேரி டீல்பிக்கு நாம் செலுத்தும் மரியாதை!