தந்தையைத் தன் கையால் அடக்கம் செய்தவர்

1679 ஒக்டோபர் 18ஆம் திகதி, அப்போது ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டைக்கு இரண்டு ஆங்கிலேயர் கால்நடையாக வந்து சேர்ந்தனர். அவர்களில் ஒருவர் றொபேட் நொக்ஸ். கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்து தப்பி வந்தவர்.

புயலில் பாய்மரம் சேதமான கப்பலைத் திருத்துவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தபோது, 1660இல் அவரும் கப்பலின் தலைவரான அவரது தந்தையும் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டனர். கப்பலில் இருந்தவர்களை எச்சரித்துவிட்டு வருமாறு தந்தை மகனை அனுப்பினார். அப்படியே கப்பலேறிப் போயிருக்கலாம். தந்தையைத் தனியே விட மனமில்லாமல் அவர் திரும்பி வந்தார்.

1661 பெப்ரவரியில் தந்தை காய்ச்சலில் இறந்தார். மகனுக்கு வயது 20. உடலைக் கயிறு கட்டிக் காட்டுக்கு இழுத்துச்செல்ல ஊரவர் முன்வந்தனர். அவர் சம்மதிக்கவில்லை. தானும் காய்ச்சலோடு இருந்தபடி, கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்து முறையாக அடக்கம் செய்தார்.

பின்னர் தொப்பி பின்னி விற்றார். வியாபாரத்துக்கென ஊரூராகத் திரிந்து வடக்கே போகும் வழியை அறிந்துகொண்டார். அநுராதபுரம் கடந்து, அருவியாற்றைத் தொடர்ந்தே அரிப்பை அடைந்தார்.

1681இல் இலங்கை பற்றிய அவரது நூல் லண்டனில் வெளியானது. திருமணம் செய்யாத அவர், கண்டியில் தான் வளர்த்த லூசியா என்ற பெண்ணுக்குத் தன் காணியை எழுதிவைத்தார். 1720இல் காலமானார்.

போரில் உறவுகளை வழியோரம் புதைத்துவிட்டு நடந்தவர்களுக்கு இது வெறும் சாகசக் கதையல்ல. புதைத்த இடம் தெரிவதும் ஓர் ஆறுதல்தான். அதுவும் கிடைக்காதவர்கள் இன்னும் நம்மிடையே காத்திருக்கிறார்கள்.