அச்சமே மூலதனம்

ரயிலில் செல்லும் தூதர் ஒருவரிடமிருந்து முக்கியமான வணிக ஒப்பந்தம் ஒன்று களவாடப்படுகிறது. செய்தி பரவியதும் பங்குச்சந்தை சரிகிறது. விலை அடிமட்டத்தைத் தொட்டதும் ஒருவன் பங்குகளை வாங்கிக் குவிக்கிறான். ஒப்பந்தம் பத்திரமாகக் கிடைத்துவிட்டது என்று அடுத்த செய்தி வருகிறது, விலை ஏறுகிறது, அவன் விற்றுவிட்டு வெளியேறுகிறான். 1922-இல் வெளியான 'சூதாடி டாக்டர் மபூசே' என்ற ஜெர்மன் மௌனப்படம் இப்படித்தான் தொடங்குகிறது. களவைத் திட்டமிட்டவனும் ஆதாயம் பெற்றவனும் மபூசேதான்.

அப்படத்தை இயக்கிய ஃபிரிட்ஸ் லாங், 1890-இல் வியன்னாவில் பிறந்தவர். தந்தை கட்டடத் தொழில் நடத்தியவர். தாய் யூதக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கம் தழுவியவர். முதல் உலகப் போரில் ஆஸ்திரிய ராணுவத்தில் பணியாற்றிக் காயமுற்ற லாங், மருத்துவமனையில் இருந்தபோது திரைக்கதை எழுதத் தொடங்கினார். போர் முடிந்த காலத்தில் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார்.

நோபர்ட் ஜாக் எழுதிய நாவலைத் தழுவி, தேயா ஃபான் ஹார்பூவுடன் இணைந்து அவர் மபூசேயைத் திரைக்குக் கொண்டுவந்தார். அவ்வாண்டே ஹார்பூ அவருடைய மனைவியானார். போருக்கு முன்பு ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4.2 மார்க் என்றிருந்த மாற்று விகிதம், படம் வெளியான வேளையில் 300 மார்க்கை நெருங்கியிருந்தது. 1923 நவம்பரில் அது 4.2 லட்சம் கோடி மார்க் ஆயிற்று. கள்ளநோட்டு அச்சடித்தும் வதந்தி பரப்பியும் கொழுக்கும் மபூசே, அன்றைய ஜெர்மானியருக்கு அந்நியனாகத் தெரிந்திருக்க மாட்டான்.

'மெட்ரோபோலிஸ்' (1927), 'எம்' (1931) ஆகிய படங்களுக்குப் பின் லாங் மீண்டும் மபூசேயிடம் வந்தார். 'டாக்டர் மபூசேயின் உயில்' படத்தில் அவன் மனநலக் காப்பகத்தில் அடைபட்டு இறந்துபோகிறான். ஆனால், அவன் எழுதிவைத்த திட்டங்களைக் காப்பகத் தலைவரே நிறைவேற்றுகிறார். இம்முறை நோக்கம் பொருளீட்டுவது அன்று. மக்களின் நம்பிக்கையைக் குலைத்துக் குற்றத்தின் ஆட்சியை நிறுவுவது. 1933 மார்ச்சில் நாஜி அரசு அப்படத்தைத் தடைசெய்தது.

ஜெர்மன் திரைத்துறையின் தலைமைப் பொறுப்பை கோயபெல்ஸ் தமக்கு அளிக்க முன்வந்ததாகவும், அன்றிரவே தாம் பாரிஸுக்கு ரயிலேறியதாகவும் லாங் பிற்காலத்தில் பலமுறை கூறினார். அவருடைய கடவுச்சீட்டோ வேறு கதை சொல்கிறது. அவர் சில மாதங்கள் போவதும் வருவதுமாக இருந்து, 1933 கோடையில்தான் நிரந்தரமாக வெளியேறியிருக்கிறார். வதந்தியின் ஆற்றலைத் திரையில் காட்டியவரே தம் வாழ்வுக்குப் புனைவு சேர்த்துக்கொண்டார் என்பது விந்தையே. எனினும், புகழின் உச்சியில் இருந்த நாட்டை அவர் துறந்தது உண்மை. ஹார்பூ அங்கேயே தங்கினார். அவ்வாண்டிலேயே மணவிலக்கும் நேர்ந்தது.

அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கிய லாங், முதிய வயதில் ஜெர்மனிக்குத் திரும்பினார். உதய்பூரில் காட்சிகள் படமாக்கப்பட்ட இரு படங்களை 1959-இல் வெளியிட்டார். மறுஆண்டு வெளியான அவருடைய கடைசிப் படமும் மபூசே கதையே. அதில் ஓட்டல் ஒன்றின் அறைகளெங்கும் மறைகேமராக்கள் வேவு பார்க்கின்றன. பார்வை மங்கிய நிலையில் 1976-இல் அவர் அமெரிக்காவில் காலமானார்.

தமிழில் நாணயம் என்பது பணத்தையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். ஒன்று செல்லாக்காசாகும்போது மற்றொன்றும் உடன் சரிகிறது என்பதை ஜெர்மனி பெருவிலை கொடுத்துக் கற்றது. பங்குச்சந்தை வதந்திகள் நொடிப்பொழுதில் கைப்பேசிக்கு வந்துசேரும் இக்காலத்தில், நூறாண்டைக் கடந்த அந்த மௌனப்படத்தைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட இயலாது.