பேட் தாயைக் கொடுத்தார்... வெற்றிலையைப் பறித்தார்! - தாய்லாந்தை ஆட்டிப்படைத்த பிபுனின் கதை

பேங்காக் போய்வந்த நண்பர்களின் இன்ஸ்டா ஸ்டோரியில் கட்டாயம் ஒரு தட்டு ‘பேட் தாய்’ இருக்கும். புளி, வேர்க்கடலை, முட்டை எல்லாம் போட்ட அந்த நூடுல்ஸ், பல நூற்றாண்டுப் பாரம்பரியம்னுதான் நினைப்போம். ஆனா, அது நாடு முழுக்கப் பரவினது 1940-களில்தான். பரப்பியது ஒரு ஃபீல்டு மார்ஷலின் அரசு. அவர் பெயர், பிளேக் பிபுன்சோங்க்ராம்.

1897-ல் பேங்காக்கை ஒட்டிய நோந்தபுரியில் பிறந்தவர். காதுகளின் அமைப்பு வழக்கத்துக்கு மாறாக இருந்ததால், பெற்றோர் வைத்த பெயர் ‘பிளேக்’. தாய் மொழியில் ‘விசித்திரம்’ என்று அர்த்தம். ராணுவத்தில் சேர்ந்து, பிரான்ஸில் பீரங்கிப் படிப்பு. 1932-ல் மன்னரின் முழு அதிகாரத்துக்கு முடிவுகட்டிய புரட்சிக் குழுவில் இவரும் ஒருவர். 1938-ல் பிரதமர்.

நாட்டுக்கே டிரெஸ் கோடு

மன்னரின் அதிகாரம் போயாச்சு. இனி மக்கள் யாருக்குக் கட்டுப்படுவாங்க? பிபுன் கண்டுபிடித்த பதில், ‘தாய் பண்பாடு’. 1939 முதல் 1942 வரை 12 பண்பாட்டு ஆணைகள் வெளியாயின. முதல் ஆணையிலேயே ‘சியாம்’, ‘தாய்லாந்து’ ஆனது. தேசிய கீதத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்கணும். வெளியே வந்தால் ‘நாகரிக’ உடை உடுத்தணும். 6 முதல் 8 மணி நேரம் தூங்கணும். தூக்கத்துக்கும் அரசாணை!

தொப்பி கட்டாயமானது. தொப்பி போடாமல் போனவர்கள் அரசு அலுவலகங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். வெற்றிலை போடுவதற்குத் தடை. தலைமுறை தலைமுறையா வெற்றிலை மென்ற பாட்டிகள், ஒரே நாளில் நாட்டுக்கு அவமானம் ஆனார்கள். அதே நேரம், கிராமத்து ஆட்டம் ஒன்றை அரசே திருத்தி, ‘ராம்வோங்’ என்று தேசிய நடனமாக்கியது. புதிதாக உருவான ‘சவாஸ்தி’ என்ற வணக்கச் சொல், 1943-ல் அதிகாரபூர்வமானது. நம்ம ‘ஸ்வஸ்தி’தான் அதன் வேர்.

எது பாரம்பரியம், எது அசிங்கம் என்று முடிவெடுத்தது மக்கள் இல்லை, ஆட்சியாளர். கேள்வி கேட்டால், அரசை விமர்சித்ததாக அர்த்தமில்லை. தேசத்தையே அவமதித்ததாக ஆகிவிடும். இதுதான் பிபுன் ஃபார்முலா.

இதில் அதிகம் அடிபட்டவர்கள், ‘தாய்’ என்ற அச்சில் பொருந்தாதவர்கள். தெற்கில் வாழ்ந்த மலாய் முஸ்லிம்களின் பாரம்பரிய உடைக்குத் தடை வந்தது. சீனப் பள்ளிகள் மூடப்பட்டன. அவர்களின் பாரம்பரியம், பாரம்பரியக் கணக்கிலேயே வரவில்லை.

நீந்தித் தப்பிய பிரதமர்

உலகப்போரில் ஜப்பானோடு கைகோத்தவர், 1944-ல் பதவி இழந்தார். 1948-ல் மீண்டும் பிரதமர். 1951-ல் கடற்படைக் கலகக்காரர்கள் அவரைப் போர்க்கப்பலில் சிறைவைக்க, சொந்த விமானப்படையே அதில் குண்டு வீசியது. பிரதமர் நீந்திக் கரையேறினார்!

1957-ல் பௌத்தத்தின் 2,500-வது ஆண்டை அவரது அரசு பிரமாண்டமாகக் கொண்டாடியது. ஆனா, அந்த வருடம் நடந்த தேர்தலில் மோசடி என்று மாணவர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். பண்பாடு இந்த முறை காப்பாற்றவில்லை. செப்டம்பரில் தளபதி சரித் தனரத் ஆட்சியைக் கவிழ்த்தார்.

சரித் கையில் எடுத்ததும் பாரம்பரியத்தைத்தான். ஆனால், வேறு பாரம்பரியம். பல ஆண்டுகளாகக் கைவிடப்பட்டிருந்த அரச ஏர் பூட்டும் விழாவை 1960-ல் மீட்டார். 1932 புரட்சி நாளான ஜூன் 24-க்குப் பதிலாக, மன்னரின் பிறந்தநாள் தேசிய தினமானது. தொப்பி போய் கிரீடம் வந்தது. கேள்வி கேட்க மட்டும் அப்போதும் அனுமதி இல்லை.

அதே 1960-ல் பிபுன், நம்ம புத்தகயாவில் துறவு பூண்டார். 1964-ல் ஜப்பானில் இறந்தார். ஊர் திரும்பியது அஸ்தி மட்டும்தான். ஆனாலும் இன்றைக்கும் காலை 8 மணிக்கு தேசிய கீதம் ஒலித்தால், பேங்காக் ரயில் நிலையத்தில் ஓடிக்கொண்டிருப்பவர்கள் அப்படியே நிற்கிறார்கள். அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தது பிபுன் அரசின் ஆணை என்பது, நிற்பவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?