ஹேமண்ட் வேண்டாம் என்ற பெட்டி: யார் இந்த டான் லெஸ்லி?

வாசிப்பது ஸ்டீல் கிதார், கேட்பதோ ஆர்கன். எப்படி? கம்பியைத் தட்டும் சத்தத்தை வால்யூம் பெடல் மறைத்துவிடும். மிச்ச வேலை 'ரோட்டரி' எஃபெக்ட் பெடலுடையது. அது காப்பியடிப்பது டான் லெஸ்லி செய்த மரப்பெட்டியை.

1911-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் பிறந்தவர் லெஸ்லி. ரேடியோ ரிப்பேர் கைவந்த கலை. 1937-ல் ஹேமண்ட் ஆர்கன் ஒன்றை வாங்கினார். கடையின் பெரிய கூடத்தில் கம்பீரமாக ஒலித்தது, வீட்டுக்கு வந்ததும் சப்பென்று ஆகிவிட்டது. காசு போச்சே என்று உட்காராமல், ஒலியையே சுழல வைத்துப் பார்த்தார். ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சைரன் சுருதி ஏறி, கடந்ததும் இறங்குகிறதே, அதே டாப்ளர் விளைவுதான். மேலே சுழலும் ஹார்ன், கீழே சுழலும் டிரம். ஒலிக்கு உயிர் வந்துவிட்டது.

ஹேமண்ட் நிறுவனத்திடம் கொண்டுபோனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரி, நாமே விற்போம் என்று 1940-களில் தொழிலில் இறங்கினார். ஆர்கன் கலைஞர்கள் தேடி வந்து வாங்கினார்கள். 1965-ல் கம்பெனியை சிபிஎஸ்-க்கு விற்றார். அடுத்த வருடமே பீட்டில்ஸ், ஜான் லெனனின் குரலை இந்தப் பெட்டி வழியாக அனுப்பிப் பதிவு செய்தது.

ஒரே சிக்கல், எடை. ஒருத்தரால் தூக்க முடியாது. அதனால்தான் கிதார்காரர்களுக்குப் பெடல் வந்தது.

1980-ல் லெஸ்லி பிராண்டை வாங்கியது யார் தெரியுமா? அதே ஹேமண்ட்! அதையும் பார்த்துவிட்டு, 2004-ல் 93 வயதில் லெஸ்லி காலமானார்.